பனிக்கண்டத்துக்குப் போன ‘நாம்’

கடலுக்கு யாரும் எல்லை போடாத வெகு காலத்துக்கு முன்னே, ஆம்பலூர் என்றொரு ஊர் இருந்தது. மழைக்கு முன் வீட்டுக்கு ஒருவர் வந்து ஏரிக்கரைக்கு மண் போடுவது அங்கே வழக்கம்.

ஒரு வருஷம், ஊர் எல்லையில் குடியிருந்த மாயவன் கரிமுகன், ஊர்ப்பேச்சிலிருந்து ‘நாம்’ என்ற சொல்லைத் திருடிச் சிமிழில் அடைத்துக்கொண்டு மறைந்துபோனான். மிஞ்சியது ‘நாங்க’ளும் ‘நீங்க’ளும்தான். மேலத்தெரு கீழத்தெருவைக் கைகாட்டியது, கீழத்தெரு மேலத்தெருவை. கரையில் விரிசல் கை நுழையுமளவு வளர்ந்தது. மழைக்கு ஒரே மாதம். கரை உடைந்தால் ஊரே இல்லை.

மடை திறப்பவர் மகள் அஞ்சுகம், ஊர் ஊராய்ப் பறக்கும் ஆலாப் பறவையிடம், தொலைந்த சொல்லைத் தேட வழி கேட்டாள்.

“தென்கோடியில் ஒரு பனிக்கண்டம் இருக்கிறது. ‘எங்களது’ என்று எவரும் வேலி போடாத மண். அந்தச் சொல் வாடாமல் இருக்கக்கூடிய இடம் அது ஒன்றுதான்” என்றது ஆலா.

ஆலாவின் முதுகில் மூன்று நாள் நீலக்கடல், மூன்று நாள் சாம்பல்கடல், மூன்று நாள் பனிக்கடல் தாண்டினாள். அங்கே பென்குவின்கள் வட்டமாக ஒட்டி நின்றன. ஓரத்தில் நின்றது நடுவுக்கு வரும், நடுவில் நின்றது ஓரத்துக்குப் போகும். அவளையும் முறையில் சேர்த்துக்கொண்டன. தள்ளி ஒரு மேட்டில், சிமிழைக் கட்டிக்கொண்டு நடுங்கியபடி உட்கார்ந்திருந்தான் கரிமுகன்.

அவள் சிமிழைக் கேட்டாள்.

“முப்பது வருஷம் ‘நாம் போகலாம்’ என்று ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொண்டு கரைவேலைக்குப் போனீர்கள். என் வாசலில் மட்டும் யாரும் நிற்கவில்லை” என்றான்.

உண்மைதான். அவன் உதடு நீலம் பாரித்திருந்தது. தனக்கு நடுவில் நிற்கும் முறை வந்ததும், அவனை இழுத்து அங்கே நிறுத்திவிட்டு, அவள் காற்றடிக்கும் வெளிப்புறம் போய் நின்றாள்.

கதகதப்பு ஏற ஏற, மாயவன் திரும்பிப் பார்த்தான். அவள் இமையெல்லாம் பனி.

“அவளையும் உள்ளே விடுங்கள். நாம் கொஞ்சம் நெருங்கி நிற்கலாம்.”

தன்னையறியாமல் அவன் சொன்னதுதான் தாமதம், சிமிழ் பிளந்தது. சொல் வெதுவெதுப்பான மூச்சாய் எழுந்து வடக்கே பறந்தது.

“இரண்டு பேரா?” என்று ஆலா முனகியது, ஆனாலும் சுமந்தது.

அவர்கள் வந்து சேர்ந்தபோது ஊரே கரையில் நின்றது. கரிமுகனும் மண் சுமந்தான். மழை வந்தது. ஏரி ததும்பியது. கரை நின்றது.

மாயவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். மேலத்தெருக்காரர் ஒருவர் சோற்று மூட்டையை அவன் பக்கம் நகர்த்தி, “நம்ம மாயவனுக்கு இடுப்பு வலிக்குதாம், மந்திரமெல்லாம் எங்கே போச்சோ” என்றார்.

கரிமுகன் சோற்றைப் பிசையாமல் அந்த முதல் வார்த்தையையே கொஞ்ச நேரம் நினைத்துக்கொண்டிருந்தான்.