மடியில் நிற்காத எலுமிச்சம்பழம்

தாமிரபரணிக் கரையில் எங்கள் ஆசிரமம். பெரிய இடமெல்லாம் இல்லை. நாலு அறை, ஒரு கூடம், ஒரு அடுப்படி. அடுப்படி என்னுடையது. என் பெயர் இசக்கியப்பன். பதினாறு வருஷமாக இங்கே பொங்கிப் போடுகிறேன்.

பாடம் சொல்கிறவர் சுந்தரவல்லி அம்மா. நாற்பது வயதுகூட ஆகவில்லை. சத்தமாகச் சிரிப்பார். அதைப் பார்த்துவிட்டு, "இவரா குரு?" என்று திரும்பிப் போனவர்கள் உண்டு. போகட்டும், எனக்கு ஒரு உழக்கு அரிசி மிச்சம்.

திரும்பிப் போகாதவர் பஞ்சாபகேசன் சார். வயது அறுபத்தொன்று. ரயில்வேயில் கால அட்டவணை போடுகிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மூன்று வருஷமாக ஞாயிறு தவறாமல் பாடம் கேட்க வருவார். மகள் வயதுக்காரரை வாய் நிறைய "அம்மா" என்று கூப்பிடுவார். நாங்கள் அவரைப் பஞ்சு சார் என்போம். பேர்தான் பஞ்சு. அவர் உட்கார்ந்தால் பெஞ்சு முனகும்.

ஐப்பசி மழையில் ஒருநாள் பெட்டியும் கையுமாக வந்து நின்றார். அன்றைக்கு ஞாயிறும் இல்லை.

"அம்மா, தை இருபத்தஞ்சு பைரவிக்குக் கல்யாணம்."

"அடடே, நல்ல சேதி! அதுக்கு ஏன் முகத்தை இப்படி வச்சிருக்கீங்க?"

"எனக்கு மடி இல்லைம்மா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா சிரிக்கவில்லை. அப்புறம்தான் அவர் விவரம் சொன்னார்.

அவர்கள் வழக்கத்தில், தாலி கட்டும்போது பெண் தன் அப்பா மடியில் உட்கார்ந்திருப்பாள். நெல் மூட்டையின் மேல் அப்பா, அப்பா மடியில் பெண். மாப்பிள்ளை வந்து கட்டுவார். நிச்சயதார்த்தத்தன்று சாயங்காலம் சொந்தக்காரர்கள் விளையாட்டாக, "எங்கே, ஒத்திகை பாருங்கோ" என்றார்களாம். சார் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பைரவி வந்து உட்கார்ந்தாள். வயிறு தள்ளிவிட்டது. வழுக்கிக் கீழே போனாள். கூடமே சிரித்தது, சாரும்தான் சிரித்தார். அப்போது அவருடைய அக்கா சொன்னாள்: "ஒண்ணும் கவலைப்படாதே. தம்பி ராஜாமணி ஒல்லியாத்தானே இருக்கான். அவன் மடியில உக்காரட்டும்."

"அதுக்கப்புறம் எனக்குச் சிரிப்பு வரலைம்மா," என்றார் சார். "பிறந்த அன்னிக்கு அவளை முதல்ல வாங்கினது என் மடியில. இன்னொருத்தன் மடியிலேர்ந்து எப்படிம்மா அனுப்புவேன்?"



"சரி, என்ன செய்யப் போறீங்க?"

சார் முகம் மலர்ந்தது. பெட்டியைத் திறந்து நாலு முழ நீளத்தில் ஒரு தாளை எடுத்து விரித்தார். கோடெல்லாம் ஸ்கேல் வைத்துப் போட்டது. கறுப்பு மை, சிவப்பு மை.

"கோதுமைதான் எல்லாத்துக்கும் காரணமாம். வாட்ஸ்அப்பில் ஒருத்தர் அனுப்பினார். டாக்டர் ராத்திரிக்குச் சப்பாத்தி சாப்பிடச் சொன்னாரேன்னு நாலு வருஷமா அதைத்தான் சாப்பிட்டேன். எட்டே எட்டு. அதுதான் இப்படிப் பண்ணிடுத்து. இனிமே கோதுமைக்கு இடமே கிடையாது. தொண்ணூறு நாளைக்குத் திட்டம் போட்டுட்டேன். வீட்டுல இருந்தா கல்யாணப் பலகார வாசனை. அதான் இங்கே வந்துட்டேன்."

எட்டிப் பார்த்தேன். சிவப்பு மையில் விலக்கியவை: சப்பாத்தி, பூரி, பரோட்டா, ரவா உப்புமா, சேமியா, பிஸ்கட். கறுப்பு மையில் உள்ளவை: காலை ஆறு பத்துக்குக் கேழ்வரகுக் கஞ்சி, எட்டு மணிக்குத் தினைப் பொங்கல், பத்து நாற்பதுக்குச் சோளப் பணியாரம், ஒரு மணிக்குச் சாமைச் சோறு, மூன்றரைக்குக் கம்பு அடை, அதற்கு வெல்லமும் வெண்ணெயும், ராத்திரி எட்டுக்கு வரகு தோசை. படுக்கும் முன் பேரீச்சம்பழம் போட்ட பால். ஒரு நாளைக்கு ஏழு ஸ்டேஷன். எதிலும் ஒரு மணி கோதுமை கிடையாது.

"இதுல ஏதாவது விட்டுப்போச்சா, பார்த்துச் சொல்லுங்கோ."

அம்மா தாளை மேலிருந்து கீழ்வரை ஒரு எழுத்து விடாமல் படித்தார்.

"ரொம்ப அழகா போட்டிருக்கீங்க. ஒண்ணே ஒண்ணு விட்டுப்போச்சு."

"என்ன?"

"இருக்கட்டும். இசக்கி, இதுல இருக்கிறபடி சமைச்சுப் போடு. ஒண்ணும் கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். பஞ்சு சார், இப்படிச் சம்மணம் போட்டு உக்காருங்க."

உட்கார்ந்தார். அம்மா அடுப்படியிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தார். மடி என்று சொல்லக்கூடிய இடத்தில். பழம் உருண்டு முழங்காலைத் தாண்டி ஓடியது.

"வாராவாரம் பார்ப்போம்," என்றார் அம்மா.

மறுநாள் காலையில் சார் என் அடுப்படிக்குள் வந்தார். டப்பா டப்பாவாகத் திறந்து மோந்தார். பெருங்காய டப்பாவைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பொடி எழுத்தைப் படித்தார்.

"இசக்கி! இதுல கோதுமை மாவு கலந்திருக்கே!"

"சார், ரசத்துக்கு ஒரு சிட்டிகைதான் போடுவேன்."

"ஒரு சிட்டிகைன்னாலும் கோதுமை, கோதுமைதான்."

டப்பாவை வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டார். பெருங்காயம் இல்லாமல் ரசமா? பதினாறு வருஷத்தில் என்னை யாரும் இப்படி அவமானப்படுத்தியதில்லை. அம்மாவிடம் போய்ச் சொன்னேன். "மூணு மாசம் பொறுத்துக்கோ" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன்.

நாலு வாரம் போனது. ரயில் ஒருநாளும் தாமதமில்லை. ஆறு பத்து என்றால் ஆறு பத்துக்கு இலைமுன் உட்கார்ந்திருப்பார். ஞாயிறுதோறும் எலுமிச்சம்பழம் உருண்டு ஓடியது. ஐந்தாவது வாரம் மாவு மில் தராசில் ஏறிப் பார்த்தார். வந்தபோது இருந்ததைவிட ஒன்றேகால் கிலோ கூடியிருந்தது.

என்மேல் சந்தேகப்பட்டார். அப்புறம் மில்காரர்மேல். "எனக்குக் கம்பு அரைக்கிறதுக்கு முன்னாடி யாருக்காவது கோதுமை அரைச்சிருப்பார்" என்று ஒரு காலை முழுக்க மில் வாசலில் காவல் உட்கார்ந்தார். மீசையெல்லாம் மாவாகத் திரும்பி வந்தார்.

மறுநாள் எட்டு மணி. இலைமுன் உட்கார்ந்தார். கண் கலங்கியிருந்தது.

"அம்மா, ஒரு மணி கோதுமை உள்ளே போகலை. அப்புறமும் பழம் உருண்டுண்டே இருக்கு. ராஜாமணிக்குப் புது வேஷ்டி எடுத்தாச்சாம், அக்கா போன் பண்ணினா. என்ன விட்டுப்போச்சுன்னு இப்பவாவது சொல்லுங்கோ."

அம்மா அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். நான் தினைப் பொங்கலோடு நின்றேன். நெய்யும் மிளகுமாக ஆவி பறந்தது.

"பஞ்சு சார், பசிக்குதா?"

"மணி எட்டாச்சே!"

"நான் மணி கேக்கலை."

சார் வயிற்றில் கையை வைத்துப் பார்த்தார். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு நிற்பவர்போல இருந்தது முகம்.

"தெரியலையே அம்மா."

"தெரிஞ்சதும் சொல்லுங்க. இசக்கி கொண்டுவருவான். நீங்க எழுதினது எதையும் மாத்த வேண்டாம். ரயில் வந்து நிக்குது. ஏறுறதுக்கு ஆள் வரட்டும்."

பொங்கலை உள்ளே கொண்டுபோனேன். இருபது நிமிஷம்கூட ஆகவில்லை.

"பசிக்கிறது!"

"எங்கே பசிக்குது?" என்று அம்மா கேட்டார்.

சார் நேர்மையான மனிதர். கொஞ்சம் யோசித்தார்.

"நாக்கில."

"அது பக்கத்து ஊரு. நம்ம ஸ்டேஷனுக்கு இன்னும் ஆள் வரலை."

அம்மா சிரித்தார். சாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நிச்சயதார்த்தத்துக்குப் பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். செய்ய ஒன்றுமில்லாமல் தோட்டத்தில் நடந்தார். கிணற்றை எட்டிப் பார்த்தார். ஆற்றுக்குப் போய்த் துணி துவைத்தார், என் துணியையும் சேர்த்து. பத்து நாற்பது வந்தது, பணியாரம் ஆறிப் போனது, மாட்டுக்குப் போட்டேன்.

பன்னிரண்டே முக்கால் இருக்கும். ஆற்றங்கரையிலிருந்து ஓடி வருகிறார். ஈர வேட்டி, தோளில் பிழிந்த துணி, ஒரு கால் செருப்பைக் காணோம்.

"இசக்கி! பசிக்கிறது! அம்மா! நிஜமாவே பசிக்கிறது! இங்கே, இந்த இடத்தில!" என்று வயிற்றைத் தொட்டுக் காட்டினார். "ஐம்பது வருஷமாச்சு அம்மா! சின்ன வயசில பள்ளிக்கூடம் விட்டு வந்தா இருக்குமே, அதே பசி!"

காணாமல் போன பிள்ளை திரும்பி வந்தாற்போல ஒரு சந்தோஷம். சாமைச் சோறும் கீரை மசியலும் போட்டேன். பெருங்காயம் இல்லாத ரசத்தை உறிஞ்சிவிட்டு, "அமிர்தம்டா இசக்கி" என்றார். எனக்குக் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. இரண்டாம் தடவை கரண்டியை நீட்டினேன். கையை இலைக்குமேல் விரித்தார்.

"போதும்."

அவர் வாயால் அந்த வார்த்தையை நான் கேட்டது அன்றுதான்.

அதற்குப் பிறகு தாள் சுவரில்தான் தொங்கியது. ஏழு ஸ்டேஷனும் அதில் இருந்தன. சில நாள் மூன்றில் ஆள் ஏறியது, சில நாள் நாலில். மார்கழி பிறந்தபோது எலுமிச்சம்பழம் உருளவில்லை. அம்மா தேங்காய் வைத்தார். இரண்டு வாரத்தில் அதுவும் நின்றது. பிறகு ஒரு பரங்கிக்காய். அது மெதுவாகச் சாய்ந்து சரிந்தது. சார் அதைக் கையில் எடுத்து, "அடுத்த ஞாயிறு வா, பார்த்துக்கறேன்" என்று அதனிடம் சவால் விட்டார்.

எங்கள் ஆசிரமத்தில் ஒரு கிழட்டுப் பூனை உண்டு. யார் கூப்பிட்டாலும் வராது. தை பிறந்து நாலாம் நாள் சார் சம்மணம் போட்டு ஏதோ படித்துக்கொண்டிருந்தார். பூனை வந்தது. ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தது. ஏறி மடியில் சுருண்டு தூங்கிவிட்டது.

மூன்றரை மணிக்குக் கம்பு அடையோடு போனேன். சார் உதட்டில் விரலை வைத்தார்.

"சத்தம் போடாதே. எழுந்துடும்."

ஒன்றரை மணி நேரம் அசையாமல் இருந்தார். அடையை நான் தின்றேன்.

தை இருபத்தஞ்சு. அம்மாவும் நானும் கல்யாணத்துக்குப் போனோம். மேடையில் நெல் மூட்டை போட்டிருந்தார்கள். ராஜாமணி புது வேட்டி கட்டிப் பக்கத்திலேயே நின்றார். அக்கா அவர் காதில் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு அவர்களை நறுக்கென்று நாலு வார்த்தை கேட்கலாம் போலிருந்தது.

சார் மூட்டைமேல் ஏறிச் சம்மணம் போட்டார். பைரவி கூறைப்புடவையில் வந்தாள். குனிந்து அப்பா முகத்தைப் பார்த்தாள். அவளுக்கும் பயம்தான். மெதுவாக உட்கார்ந்தாள்.

உட்கார்ந்தாள் என்றால் உட்கார்ந்தாள். வழுக்கவில்லை, சரியவில்லை. பின்னால் சாய்ந்து அப்பா தோளில் தலை வைக்கிற அளவுக்கு இடம் இருந்தது.

"அப்பா, சௌகரியமா இருக்குப்பா," என்றாள்.

சார் இரண்டு கையாலும் அவளைப் பிடித்துக்கொண்டு குழந்தைபோல அழுதார். கெட்டிமேளம் கொட்டியது. நானும் அழுதேன், மறைப்பானேன். ராஜாமணிகூட மேல்துண்டால் கண்ணைத் துடைத்தார். நல்ல மனிதர்தான், அக்கா பேச்சைக் கேட்கிறார், அவ்வளவுதான்.

பந்தியில் அம்மாவையும் சாரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். தாரை வார்த்துக் கொடுக்கிறவர் முகூர்த்தம் முடியும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்பது வழக்கம். சார் விடியற்காலையிலிருந்து பட்டினி. எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. மூன்று மாதம் இவருக்குப் பரிமாறினவன் நான், இன்றைக்கு இன்னொருவன் பரிமாறுவதா? சமையல்காரர் கையிலிருந்து போளித் தட்டை வாங்கிக்கொண்டு நானே போனேன். இன்னொரு கையில் நெய்க் கிண்ணம்.

சார் இலையில் ஒரு போளி வைத்தேன். பொன் நிறம், ஏலக்காய் மணம். சார் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சட்டென்று முகம் வாடியது. மெதுவாக அம்மா பக்கம் திரும்பினார்.

"அம்மா, இது மைதா. மைதான்னா கோதுமைதானே?"

அம்மா அவரைப் பார்த்தார்.

"பசிக்குதா?"

சார் கண்ணை மூடினார். வயிற்றில் கை வைத்துப் பார்த்தார். எதிர்ப் பந்தியில் மாப்பிள்ளையோடு உட்கார்ந்திருந்த பைரவி அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். சார் கண்ணைத் திறந்தார்.

"பசிக்கிறது அம்மா. நன்னா பசிக்கிறது."

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்புறம் என்ன வேடிக்கை பாக்குற இசக்கி? நெய் விடு."