பெல்ட்டுக்கு ஒரு சீட்டு

“இங்கே வர்ற சாமானெல்லாம் கடைசி அஞ்சு நிமிஷத்தைத்தான் பேசும். மிச்சத்தை நாமதான்…” என்று ஒரு கிழட்டு பீரோ எப்போதோ சொல்லியிருந்தது. நாமதான் என்ன செய்யணும் என்பது ஸ்டாம்ப் அண்ணாச்சிக்கு மறந்துபோயிற்று.

ஒரு கோர்ட்டின் சாமான் அறையில் ரப்பர் ஸ்டாம்பாக இருந்தார் அவர். அவர் மேலிருந்தது ஒரே சொல்: ‘ஆயுதம்’. அவர் குத்திய பொருள் நீதிபதியின் மேசைக்குப் போகும். குத்தாதது துணி மூட்டைக்குள் போகும். மூட்டையை யாரும் பிரித்ததாகச் சரித்திரமில்லை.

அன்று இரண்டு பேர் வந்தார்கள். சொர்ணக்கிளி வீட்டு அரிவாள்மனை. அவள் புருஷன் இடுப்பிலிருந்த பெல்ட். சொர்ணக்கிளி ஜெயிலில் இருந்தாள். புருஷன் தோளில் பதினாலு தையலோடு ஆஸ்பத்திரியில் ஆப்பிள் தின்றுகொண்டிருந்தான்.

“வெட்டுனியா தாயி?” என்றார் அண்ணாச்சி.

“வெட்டுனேன். ஒரே ஒரு தடவை.”

“பாத்தீங்களா, அவளே ஒத்துக்கிட்டா!” என்று துள்ளியது பெல்ட். “என்னை மூட்டையில போடுங்க அண்ணாச்சி. பேண்ட் நழுவாம பிடிக்கிறது மட்டுந்தான் என் உத்தியோகம்.”

“பதினோரு வருஷமா இவன் இடுப்புல இருந்ததைவிடக் கையில இருந்ததுதான் அதிகம்,” என்றாள் அரிவாள்மனை. “இவனை உருவுற சத்தம் கேட்டா, கத்தரிக்கா நறுக்குற சொர்ணக்கிளி கை அப்படியே நிக்கும். இவன் மூட்டைக்குள்ள போயிட்டா, அவ ஏன் என்னைத் தூக்கினான்னு கோர்ட்டுல யாரு கேப்பா?”

“கேக்குறது என் வேலையில்லை தாயி. நான் குத்துறவன்.”

பெல்ட்டுக்குக் குஷி தாங்கவில்லை. “என் பக்கிளைப் பாத்தீங்களா? பித்தளை. சிங்க முகம். பிடரி மயிர்கூடத் தனித்தனியாத் தெரியும்!”

“தெரியும். அவ முதுகுல பாத்திருக்கேன்,” என்றாள் அரிவாள்மனை.

அண்ணாச்சி நிமிர்ந்து உட்கார்ந்தார். “அடடே, தம்பியும் நம்ம தொழில்தானா! எனக்கு மை வேணும். உனக்கு?”

“மை எதுக்கு?” பெல்ட் நெஞ்சை நிமிர்த்தியது. “சும்மா பட்டாலே போதும்.”

“அப்ப சீக்கிரம் அழிஞ்சிருமே. நான் குத்தினா நாலு வருஷம் நிக்கும்.”

“யாருகிட்ட கதை விடுறீங்க?” பெல்ட்டுக்கு ரோஷம் வந்துவிட்டது. “முதல்ல நீலம். அப்புறம் பச்சை. அப்புறம் மஞ்சள். ரெண்டு வாரம் நிக்கும். அது மங்குறதுக்குள்ள அடுத்ததைப் போட்டுருவோம்ல! அவ தோள்பட்டையில ஒண்ணு இன்னும் போகலை, போய்ப் பாருங்க!”

பெல்ட்டுக்குத் தான் என்ன சொன்னோம் என்று கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது.

“அண்ணாச்சி… நான் ஒரு பேச்சுக்குச் சொன்னேன்…”

அண்ணாச்சி மைப்பெட்டியில் ஒரு முறை புரண்டு எழுந்தார். அரிவாள்மனையில் கட்டியிருந்த சீட்டில் ‘ஆயுதம்’ என்று குத்தினார். மறுபடி புரண்டார். பெல்ட்டின் சீட்டிலும் குத்தினார்.