கேமரா எப்போது சரியாகிறது

"டீச்சர், ஒரு மெஷின் சரியாயிட்டுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிடுதது?"

விஜயதசமி அன்று காலையில் கடை திறந்ததும் வேலாண்டி அண்ணாச்சி கேட்ட கேள்வி இது. கேட்டவருக்கு வயது ஐம்பத்தெட்டு. பட்டாளத்தில் வயர்லெஸ் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். மங்கையர்க்கரசி டீச்சருக்கு முப்பத்துநாலு முடியவில்லை. தென்காசி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். மகள் வயசுக்காரியிடம் தொழில் கற்க எத்தனை பேருக்கு மனசு வரும், சொல்லுங்கள். அண்ணாச்சிக்கு வந்தது. அதற்கே அந்த மனுஷனுக்கு ஒரு மாலை போடலாம்.

நான் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரன். விஜயதசமிக்கு யார் ஜெராக்ஸ் எடுக்க வருவார்கள்? டீச்சர் கடையில்தான் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

முந்தின நாள் ஆயுத பூஜையை அண்ணாச்சி ஒரு குறையும் வைக்காமல் செய்திருந்தார். கடையில் ஒரு ஸ்குரூ டிரைவர் பாக்கியில்லை, எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம்.

டீச்சர் சிரித்தபடி பையைத் தோளில் மாட்டினார்.

"ஒரு வீட்டுல பிரிண்டர் பாக்கணும் அண்ணாச்சி. போயிட்டு வாரேன். வாரவங்களைக் கவனிங்க."

டீச்சர் போன சூட்டோடு ஒரு பெண் லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள். பெயர் செண்பகக்கனி என்று பிறகு தெரிந்தது. அண்ணாச்சி "என்னம்மா கம்ப்ளெயிண்டு?" என்றார். அவள் காதைத் தொட்டாள், வாயைத் தொட்டாள், இல்லை என்று தலையாட்டினாள். பிறகு போனில் டைப் செய்து நீட்டினாள்.

"கேமரா தெரியவில்லை. ஒரே கறுப்பு. பன்னிரண்டு மணிக்குள் வேண்டும்."

"அம்புட்டுதானே! உக்காருங்க, உக்காருங்க," என்றார் அண்ணாச்சி. காது கேட்காதவள் என்று தெரிந்தும் சத்தத்தைக் கூட்டித்தான் சொன்னார். நாம் எல்லோரும் அப்படித்தானே.

மனிதர் வேலையில் இறங்கினார். சும்மா சொல்லக்கூடாது, ஒழுங்கு என்றால் அப்படி ஒரு ஒழுங்கு. கேமராவுக்கு அனுமதி கொடுத்திருக்கிறதா பார்த்தார், இருந்தது. வேறு எந்த ஆப்பாவது கேமராவைப் பிடித்து வைத்திருக்கிறதா பார்த்தார், இல்லை. டிரைவரை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டார். லேப்டாப்பை ஆஃப் பண்ணி மறுபடி ஆன் பண்ணினார். கேமரா பக்கத்தில் சின்ன விளக்கு ஜோராக எரிந்தது. படம் மட்டும் கறுப்பு.

"விளக்கு எரியுதே, உசுரு இருக்கே! பெறவு ஏன் முழிக்க மாட்டேங்குத?" என்று லேப்டாப்பைப் பார்த்து உறுமினார்.

மணி பதினொன்றைத் தாண்டியது. செண்பகக்கனி கடிகாரத்தைப் பார்ப்பதும் கதவைப் பார்ப்பதுமாக இருந்தாள். அண்ணாச்சி, புதுசாக வெளிக்கேமரா ஒன்று வாங்கி மாட்டிக்கொள்ளலாம், திருநெல்வேலியிலிருந்து நாளைக்கு வந்துவிடும் என்று சைகையும் சத்தமுமாகச் சொன்னார். நாளைக்கு என்று புரிந்ததும் அவள் முகம் செத்துப்போனது. போனைத் திறந்து, வந்திருந்த ஒரு செய்தியைக் காட்டினாள். நானும் எட்டிப் பார்த்தேன்.

"நீ கோபத்தில் கேமராவை மூடிவிட்டாய். ரிப்பேர் என்பது பொய். இன்றைக்கும் முகம் காட்டாவிட்டால் இங்கேயே இன்னும் இரண்டு வருஷ வேலைக்குக் கையெழுத்துப் போட்டுவிடுவேன்."

அவள் புருஷன் அனுப்பியது; மிச்சக் கதையை அவளே எழுதிக் காட்டினாள். திருமலைக்குமார் என்று பெயர். பஹ்ரைனில் தையல் வேலை. அவனுக்கும் காது கேட்காது, பேச்சு வராது. தீபாவளிக்கு வரமாட்டேன் என்று அவன் சொல்ல, இவள் சண்டை போட்டு லேப்டாப்பைப் படாரென்று மூடியிருக்கிறாள். அடுத்த தடவை திறந்தால் கறுப்பு. எழுதி அனுப்பினால் நம்பமாட்டேன் என்கிறான். அவர்களுக்குப் பேச்சே முகமும் கையும்தான். எழுத்தில் கோபமா கொஞ்சலா என்று எப்படித் தெரியும்? போனில் காட்டலாம் என்றால், அவள் போனின் முன்கேமரா என்றைக்கோ போய்விட்டது. அது இருந்தாலும் போனை ஒரு கையில் பிடித்தால் பாதிப் பேச்சு போச்சு. அதற்காகவே அவன் வாங்கி அனுப்பிய லேப்டாப் அது.

 அண்ணாச்சி ஸ்கிரீனைக் கழற்றிப் பார்க்க ஸ்குரூ டிரைவரை எடுத்தார்.

"ஸ்கிரீன் உடைஞ்சா?" என்றேன்.

"உடையாது வே... உடையாதுன்னு நெனைக்கேன்."

அந்த நேரம் பார்த்து டீச்சர் உள்ளே வந்தார். அப்பாடா என்றிருந்தது.

அண்ணாச்சி செய்ததையெல்லாம் வரிசையாக ஒப்பித்தார். டீச்சர் குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டார்.

"மெஷின்கிட்ட எல்லாத்தையும் கேட்டாச்சு. ஒண்ணு விடல. இவங்ககிட்ட என்ன கேட்டீங்க?"

"இவங்களுக்குத்தான் காது கேக்காதே டீச்சர்."

டீச்சர் நாற்காலியை இழுத்து அவளுக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தார். தன் போனில் எழுதிக் காட்டினார். "கடைசியாகப் படம் நன்றாகத் தெரிந்த பிறகு, இந்த லேப்டாப்பை நீங்கள் என்னவெல்லாம் செய்தீர்கள்? எழுத வேண்டாம். கையாலேயே சொல்லுங்கள்."

செண்பகக்கனி முதலில் தயங்கினாள். கடைக்கு வந்ததிலிருந்து யாரும் அவள் கையைப் பேசச் சொல்லவில்லை. பிறகு போனைக் கீழே வைத்தாள்.

அவள் சொன்ன அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! முதலில் இரண்டு புருவமும் நெரிந்தன. கை சரசரவென்று காற்றை வெட்டியது, சண்டை. படாரென்று மூடினாள். அழுதாள். விடிந்தது. கோபம் கொஞ்சம் தணிந்தது. லேப்டாப்பைத் திறந்து முந்தானையால் துடைத்தாள், குழந்தைக்கு முகம் துடைக்கிற மாதிரி. பூ வைத்தாள். சாம்பிராணி காட்டினாள், புகைக்குக் கண்ணைச் சுருக்கினாள். அடுத்து மோதிர விரலைக் கிண்ணத்தில் தோய்த்தாள். லேப்டாப்பின் நெற்றி எது? மேல்விளிம்பு, நட்ட நடு. அங்கே விரலைக் கொண்டுபோய் அழுத்தி ஒரு பொட்டு வைத்து, கும்பிட்டாள்.

கும்பிட்ட கை அப்படியே நின்றுவிட்டது.

நாங்கள் நாலு பேரும் அவள் விரல் தொட்ட இடத்தைப் பார்த்தோம். காய்ந்த சந்தனம், அதன் மேல் கெட்டிக் குங்குமம். அதற்குக் கீழே கேமராவின் கண்.

"அட முருகா!" என்றார் அண்ணாச்சி. "என் மூஞ்சிக்கு நேரா இருந்திருக்கே!"

இருந்தது. எல்லோர் முகத்துக்கும் நேராகத்தான் இருந்தது. கடையில் இருந்த மானிட்டர் அத்தனைக்கும் அதே இடத்தில் பொட்டு, அண்ணாச்சி வைத்தது. என் ஜெராக்ஸ் மெஷினுக்கும் உண்டு. பொட்டு இல்லாத மெஷின் ஒன்று வந்திருந்தால் அன்றைக்கு அதைத்தான் உற்றுப் பார்த்திருப்போம்.

செண்பகக்கனி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. மூடிவிட்டாய் என்று அவன் சொன்னது உண்மைதானே, பாவம்.

அண்ணாச்சி ஈரத் துணியோடு பாய்ந்தார். டீச்சர் அவர் கையைப் பிடித்தார்.

"அவங்க வச்சது அண்ணாச்சி. அவங்க எடுக்கட்டும்."

துணியை அவளிடம் கொடுத்தார். அவள் மெதுவாகத் துடைத்து, துணியில் ஒட்டிய குங்குமத்தை விரலில் எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள். திரையில் முதலில் மஞ்சளாக ஒரு மூட்டம். இன்னொரு தடவை துடைத்ததும் அவள் முகம் பளிச்சென்று வந்தது.

"முடிஞ்சுது!" என்று அண்ணாச்சி கையைத் தட்டினார். "எடுத்துட்டுப் போகச் சொல்லிரலாமா டீச்சர்?"

"இல்ல. இங்கயே கூப்பிடச் சொல்லுங்க."

அவன் பேச வரும் பன்னிரண்டு மணிக்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது. காத்திருந்து கூப்பிட்டாள். திரையில் ஒருவன் வந்தான். தையல் மெஷின் முன்னால், இரண்டு கையையும் இறுக்கக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கையால் பேசுகிறவன் கையைக் கட்டிக்கொண்டால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. ஐயோ, என்ன வைராக்கியம்!

அவள் பேச ஆரம்பித்தாள். அவன் அசையவில்லை. தலையை மட்டும் இல்லை என்று ஆட்டினான்.

"முகம்தான் நல்லாத் தெரியுதே, பெறவு என்ன?" என்று அண்ணாச்சி தவித்தார்.

டீச்சர் திரையின் மூலையைக் காட்டினார். அங்கே சின்னக் கட்டத்தில் செண்பகக்கனி தெரிந்தாள். முகம் மட்டும். கைகள் கட்டத்துக்குக் கீழே எங்கேயோ ஓடிக்கொண்டிருந்தன. கேமராவைச் சோதிக்கும்போது அண்ணாச்சி முகத்தைத்தான் பார்த்தார், நானும் அப்படித்தான் பார்த்திருப்பேன். டீச்சர் ஸ்கிரீனைக் கொஞ்சம் சாய்த்தார். அவள் நாற்காலியைப் பின்னால் இழுத்தார். அவள் முதுகுக்குப் பின்னால் கதவு வழியாக வெயில் அடித்தது, போய்ப் பாதிக் கதவைச் சாத்தினார். கட்டத்துக்குள் இப்போது முகம், தோள், இரண்டு கை, எல்லாம் வந்தது.

அவ்வளவு செய்துவிட்டு டீச்சர் ஓரமாகப் போய்ச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டார். தன் வேலை என்று அதற்கு மேல் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. அப்படி நின்றதற்கே கும்பிடலாம் போலிருந்தது எனக்கு.

செண்பகக்கனி முதலிலிருந்து சொன்னாள். சண்டை, அழுகை, துடைத்தது, பூ, சாம்பிராணி. மோதிர விரல் கிண்ணத்தில் தோய்ந்து மேலே வந்தது. பொட்டு.

அவன் முன்னால் குனிந்து பார்த்தான். அவள் இன்னொரு தடவை பொட்டு வைத்துக் காட்டினாள். பிறகு தன் கண்ணைத் தானே பொத்திக் காட்டினாள்.

கட்டியிருந்த கை பிரிந்தது. அவன் உள்ளங்கையால் தன் நெற்றியில் அடித்துக்கொண்டான். சத்தமில்லாமல் உடம்பு குலுங்கச் சிரித்தான். மோதிர விரலை நீட்டி, அங்கிருந்தே அவள் நெற்றிக்கு ஒரு பொட்டு வைத்தான். அதற்கப்புறம் இரண்டு பேர் கையும் நிற்கவில்லை. நாங்கள் தலையைத் திருப்பிக்கொண்டோம், அடுத்தவர் பேச்சை ஒட்டுப்பார்க்கக் கூடாதல்லவா.

கிளம்பும்போது அவள் போனில் எழுதி டீச்சரிடம் காட்டினாள். "கையெழுத்துப் போடவில்லை. பொங்கலுக்கு வருகிறார்."

அவள் போன பிறகு அண்ணாச்சி ஸ்குரூ டிரைவரை எடுத்து அதன் இடத்தில் வைத்தார்.  பிறகு கேட்டார்.

"பொட்டைத் துடைச்சப்பவே கேமரா சரியாயிட்டுல்லா டீச்சர்? பெறவும் ஏன் அவங்களைப் போகவிடாம இருக்க வச்சீங்க?"

டீச்சர் சாத்தியிருந்த பாதிக் கதவைத் திறந்துவிட்டார்.

"அந்தாளு கையை அவுத்தாரே அண்ணாச்சி, அப்பதான் சரியாச்சு."