இருபத்தெட்டாம் தேதி வராத லேப்டாப்

"எட்டாவது தடவையும் கெட்டுப்போய்த்தாம்மா வந்திருக்கு" என்றார் வைகுண்டமணி.

ஜெபக்கனி நிமிர்ந்து பார்க்கவில்லை. யாருடைய கீபோர்டையோ கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தாள். முறுக்குத் துணுக்குகள் உதிர்ந்தன.

"எது அண்ணாச்சி கெட்டுப்போச்சு?"

"சவுண்டு டிரைவரு."

ஸ்டியரிங் பிடிக்கிற டிரைவர் இல்லை. சத்தத்தை எப்படி வெளியே விடுவது என்று லேப்டாப்புக்குச் சொல்லிக்கொடுக்கிற ஒரு சின்னக் கோப்பு. அது இல்லாவிட்டால் ஸ்பீக்கர் இருந்தும் லேப்டாப் ஊமை.

பங்குனியில் அவருடைய லேப்டாப்பில் லேசான கரகரப்பு வந்தது. டிரைவரை எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டால் சரியாகிவிடும் என்று எடுத்தார். எடுக்கத் தெரிந்தது. போடத்தான் தெரியவில்லை.

இதில் வேடிக்கை, அவர் தொழிலே சத்தம். ஆலங்குளம் சுற்றுவட்டாரத்தில் வைகுண்டமணி மைக் செட் என்றால் எல்லோருக்கும் தெரியும். முப்பது குழாய் ஸ்பீக்கர், பதினாறு பாக்ஸ். கல்யாணம், காதுகுத்து, அம்மன் கோயில் கொடைத் திருவிழா எல்லாம் அவர்தான்.

ஊருக்கெல்லாம் கேட்கச் செய்கிறவருக்கு ஒரு லேப்டாப்பைப் பேச வைக்க முடியவில்லை.

---

உரக்கடைக்கு மேல் மாடியில் ஜெபக்கனியின் சர்வீஸ் கடை. முதல் நாளே அவள் சொன்னாள்:

"வச்சிட்டுப் போங்க அண்ணாச்சி. சாயந்தரம் வாங்க. பாத்து வைக்கேன்."

"வைக்க முடியாதும்மா. நீ சொல்லிக்கொடு. நான் செய்யுதேன்."

"ஒரு மணி நேரம்?"

"ஒரு நிமிஷம்கூட முடியாது."

அப்படித்தான் அவர் சீடர் ஆனார். குருவுக்கு வயது முப்பத்தொன்று. சீடருக்கு அறுபத்திரண்டு. குரு என்று கூப்பிட்டதும் அவர்தான். அவள் ஒத்துக்கொள்ளவே இல்லை. ஆனாலும் கேட்டதற்கு நேரே பதில் சொல்லாத குணம் அவளிடம் நிறையவே இருந்தது.

மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு எதிரே உட்கார்வார். ஸ்கிரீனின் வலது கீழ் மூலையில் ஒரு துண்டு கருப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டியிருக்கும்.

"அது என்ன?"

"கீறல்" என்றார்.

அவள் கீபோர்டைத் தட்டப் போனாள்.

---

முதல் பாடத்துக்கு அவள் ஒரு வயரை நீட்டினாள். வைஃபை வேண்டாம், நேராக வயரிலேயே இறக்கிப் பாருங்கள் என்று அர்த்தம்.

இறக்கினார். நூறு சதவீதம் வந்தது. பிறகு ஒரு கட்டம் வந்தது: கோப்பு சிதைந்துள்ளது.

"வழியில கெட்டிருக்கும்" என்றார் அவர்.

அடுத்த வாரம் அவள் தன்னுடைய மெஷினில் அதே கோப்பை இறக்கினாள். அளவைப் பார்த்தாள். கம்பெனிக்காரன் சொன்ன அளவேதான், ஒரு புள்ளி குறையவில்லை. பென்டிரைவில் போட்டு அவரிடம் கொடுத்தாள்.

அவர் செருகினார். தட்டினார்.

கோப்பு சிதைந்துள்ளது.

"உன் மெஷின்ல நல்லா இருக்கு. என் மெஷினுக்கு வந்தா கெட்டுப்போகுது. இது என்னம்மா அநியாயம்?"

"ஃபைல் கெடல அண்ணாச்சி."

"அப்போ?"

"வாங்குத இடத்துல பாருங்க."

அவர் அன்றைக்கு முழுக்க யோசித்தார். வீட்டுக்குப் போய் யுஎஸ்பி ஓட்டையை ஊதி ஊதித் துடைத்தார். சீடர்கள் எல்லோரும் ஓர் ஓட்டையைத் துடைக்கிற காலம் உண்டு.

---

மூன்றாவது வாரம் அவள் எழுந்து வந்து அவர் பக்கத்தில் நின்றாள்.

"அண்ணாச்சி, இன்னைக்கு என்ன தேதி?"

"ஜூலை ஒம்பது."

"அதுக்கிட்ட கேளுங்க."

அவர் கை தானாக அந்த டேப்பின் மேல் போய் மறைத்துக்கொண்டது. வெகுநேரம் கழித்துக் கையை எடுத்தார். அவள் டேப்பின் நுனியைப் பிடித்து மெல்ல உரித்தாள்.

கீறல் ஒன்றும் இல்லை. தேதி இருந்தது.

ஆகஸ்ட் பதினாறு. வருஷம் நாலு வருஷத்துக்கு முந்தியது.

தேதிக்குப் பக்கத்தில் தபால் உறை போட்ட ஒரு சின்னப் படம். அதன் மேல் ஒரு மஞ்சள் முக்கோணம்.

"இது?"

"எம் மக போட்டுக்கொடுத்த மெயிலு. அந்த முக்கோணம் ரொம்ப நாளா இருக்கு. எனக்கு யாரு மெயில் போடப் போறா?"

ஜெபக்கனி அந்த முக்கோணத்தைக் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தாள். ஆனால் அதைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"கம்பெனிக்காரன் ஃபைல்ல கையெழுத்துப் போட்டு அனுப்புதான், அண்ணாச்சி. போன வருஷத்துக் கையெழுத்து. உங்க மெஷின் நாலு வருஷத்துக்கு முந்தி உக்காந்திருக்கு. இன்னும் வராத வருஷத்துல போட்ட கையெழுத்துன்னா அதுக்குக் கள்ளக் கையெழுத்துதான். கெட்டுப்போச்சுன்னு தள்ளிருது."

"பழைய ஃபைல் கெடைக்காதா?"

"எடுத்துட்டான்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"தேதிய மாத்துனா டிரைவர் ஏறிரும்" என்றாள் அவள். "ரெண்டு நிமிஷ வேலை."

"மாத்த முடியாதும்மா."

---

பிறகு அவரே சொன்னார். உரக்கடைக்கு மூட்டை இறக்குகிற சத்தத்துக்கு நடுவே சொன்னார்.

அவருக்கு ஒரே மகள், தங்கபுஷ்பம். அம்மா இல்லாமல் வளர்ந்தவள். குழாய் கட்டுகிற ஏணிக்குக் கீழே விளையாடி, வயர் சுற்றப் பழகி, படித்த பிறகு லேப்டாப்பில் சத்தத்தை வெட்டி ஒட்டக் கற்றுக்கொண்டாள். அதற்கு ஒரு மென்பொருள் போட்டாள். முப்பது நாள் டிரையல். பாட்டைத் திறந்து கேட்கலாம், ஆனால் வெளியே எடுக்க விடாது. வேறு மெஷினிலும் திறக்காது. காசு கட்டி வாங்கலாம் என்றால், அந்தக் கம்பெனியே பிறகு மூடிப்போயிற்று.

"முப்பது நாள் முடியுததுக்குள்ள தேதியப் பின்னால வச்சிட்டா அது நம்பிரும்ப்பா" என்று அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். "ஆனா ஒரு தடவை நெசமான தேதியப் பாத்துச்சுன்னா போச்சு. பெறவு எவ்வளவு பின்னால வச்சாலும் தெறக்காது."

அந்த வருஷக் கொடைக்கு மைக் டெஸ்ட் பண்ணியதை அவள் அதில் பதிந்து வைத்திருந்தாள். நாற்பது வினாடி.

"ஒண்ணு, ரெண்டு, மூணு. அப்பா, கேக்குதா? அப்பா, கேக்குதா?"

அவ்வளவுதான்.

அடுத்த வாரம் அவள் தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு வடக்கே போய்விட்டாள். வாசலில் நின்று சொல்லிவிட்டுத்தான் போனாள். ஆகஸ்ட் இருபத்தெட்டு.

"இனிமே உன் சத்தம் இந்த வீட்டுல கேக்கப்படாது" என்று இவர் கத்தினார்.

மைக் செட்காரர் கத்தினால் தெருவே கேட்கும். கேட்டது. போன் நம்பரை மாற்றினார். போர்டில் இருந்த நம்பரையும் அழித்து எழுதினார். சொந்தக்காரர்கள் அவள் பெயரை எடுத்தால் எழுந்து போனார். கொஞ்ச நாளில் எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

மூன்று மாதம் அவர் லேப்டாப்பைத் தொடவில்லை. அது பெட்டிக்குள் சார்ஜ் இல்லாமல், கடிகாரமும் நின்று கிடந்தது. நாலாவது மாதம் எடுத்தார். இணைப்பைப் பிடுங்கிவிட்டு, தேதி தானாக மாறுகிற வசதியையும் அணைத்துவிட்டு, ஆகஸ்ட் ஒன்றுக்கு வைத்தார். திறந்தது.

அதிலிருந்து அந்த லேப்டாப்பில் ஆகஸ்ட் மாதம்தான். ஒன்றாம் தேதி தொடங்கி இருபத்தேழு வரை வரும். இருபத்தேழு சாயந்தரம் திரும்ப ஒன்றுக்கு வைப்பார். அவள் போன தேதி அந்த லேப்டாப்பில் வந்ததே இல்லை.

"தேதிய மாத்துனா சத்தம் வரும், அவா வரமாட்டா. மாத்தலைன்னா அவா இருப்பா, சத்தம் இருக்காது. குருவே, நான் என்ன செய்யட்டும்?"

ஜெபக்கனி டேப்பை எடுத்து இருந்த இடத்திலேயே திரும்ப ஒட்டினாள்.

"இது நீங்க வச்ச தேதி" என்றாள். "நான் மாத்த மாட்டேன்."

---

இரண்டு மாதம் அவர் வரவில்லை.

செப்டம்பரில் ஒருநாள் காலை, கடை திறந்த கையோடு வந்தார். லேப்டாப்பை முதல்முறையாக மேசையில் வைத்தார்.

"கொடை முடிஞ்சுதா அண்ணாச்சி?"

"முடிஞ்சுது."

பிறகு சொன்னார்:

"மைக்க டெஸ்ட் பண்ணுதவன் 'அண்ணாச்சி கேக்குதா'ன்னு கேட்டான். நான் கடைசிக் குழாய்க்குக் கீழ நிக்கேன். நல்லாத்தான் கேக்குது. பதில் சொல்ல வாய் வரலம்மா."

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"புஷ்பம் கேட்டப்ப என்ன சொன்னீங்க?"

"கேக்குதுன்னு சொன்னேன்."

"அது அந்தப் பதிவுல இருக்கா?"

"எப்பிடி இருக்கும்? நான் அரை கிலோமீட்டர் தள்ளி நின்னேன். மைக்குக்கு எப்பிடி வரும்?"

"பெறவு அவளுக்கு எப்பிடித் தெரியும்?"

"கையத் தூக்குவேன்."



அவர் தன் வலது கையைப் பார்த்தார். அது மடியில் கிடந்தது.

நாலு வருஷமாக அந்த நாற்பது வினாடியைக் கேட்டிருக்கிறார். தினமும் அவள் கேட்டிருக்கிறாள். ஒரு நாளும் அவர் பதில் சொன்னதில்லை.

"டேப்ப எடும்மா" என்றார்.

"நீங்களே எடுங்க."

---

எடுத்தார். தேதியைத் திறந்தார். மாதத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அம்புக்குறி இருந்தது. அதைத் தட்டினால் ஒரு மாதம் நகரும்.

தட்டினார். செப்டம்பர். ஆகஸ்ட் இருபத்தெட்டு அந்த ஒரே தட்டில் கடந்து போயிற்று. அவர் விரலை எடுத்துவிட்டு மூச்சு வாங்கினார்.

தட்டினார். அவள் இல்லாத முதல் தீபாவளி. தட்டினார், தட்டினார். பொங்கலுக்குக் கரும்பு வாங்காத வருஷம். அடுத்த கொடை. அவருக்கு டைபாய்டு வந்து அக்கா மகன் கஞ்சி கொண்டுவந்த மாதம். அதற்கடுத்த கொடை.

நேரடியாக வருஷத்தை மாற்ற ஒரு வழி உண்டு. ஜெபக்கனி அதைச் சொல்லவில்லை.

நாற்பத்தொன்பது தட்டு. இன்றைக்கு வந்து சேர்ந்தார். அவர் முகம் வேர்த்திருந்தது.

மகளின் மென்பொருளிலிருந்து ஒரு கட்டம் எழுந்தது: உங்கள் டிரையல் காலம் முடிந்துவிட்டது.

"போச்சு" என்றார் வைகுண்டமணி. சரி என்பதை அழுத்தினார். அழுதார். வெட்கப்படாமல் அழுதார்.

அவள் தடுக்கவில்லை. கொஞ்சம் பொறுத்துக் கடை வைஃபையின் பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி அவர் முன் வைத்தாள்.

மறுபடியும் டிரைவரை இறக்கினார். நூறு சதவீதம். தட்டினார். சிதைந்ததாக ஒன்றும் வரவில்லை. பச்சைக் கோடு நிறைந்தது. சத்தத்தைக் குறிக்கிற படத்தின் மேலிருந்த சிவப்புப் பெருக்கல் குறி போயிற்று.

"வந்துட்டும்மா" என்றார் உயிரில்லாமல். "இனி எதக் கேக்க?"

டிங்.

அவர் திடுக்கிட்டார். ஆறு மாதத்துக்குப் பிறகு அந்த லேப்டாப் போட்ட முதல் சத்தம்.

"என்னது அது?"

டிங்.

மூலையில் அந்த மஞ்சள் முக்கோணத்தைக் காணோம்.

டிங். டிங்.

"தேதி தப்பா இருந்தா மெயிலும் வராது அண்ணாச்சி" என்றாள் ஜெபக்கனி. "இருக்குமோ இருக்காதோன்னு தெரியாது. அதான் அன்னைக்குச் சொல்லல."

ஸ்கிரீனில் ஒன்றன்கீழ் ஒன்றாக வரிசை நீண்டது. ஒவ்வொரு வரியிலும் ஒரே பெயர். முதல் கடிதம் ஆகஸ்ட் இருபத்தெட்டு இரவு போட்டது.

டிங். டிங். டிங்.

வைகுண்டமணி எதையும் திறந்து படிக்கவில்லை. எழுந்து நின்றார். கடைசிக் குழாய்க்குக் கீழே நிற்கிற மாதிரி வலது கையை மேலே தூக்கினார்.

"கேக்குது" என்று கத்தினார். கீழே மூட்டை இறக்குகிறவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள்.

"கேக்குது, தாயி."