பிள்ளைக்கு நிழல்

உப்பளத்தை ஒட்டிய சிறு மடம் அது. அதன் குருவம்மா வடிவுக்கு, சீடர் அரியநாதனின் மகள் வயதுதான் இருக்கும். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுத் துறவுக்கு வந்தவர் அரியநாதன். கேள்விகளுக்கு மட்டும் ஓய்வு கொடுக்கவில்லை.

"அம்மா, பற்று வைக்காமல் அன்பு செலுத்துவது எப்படி?"

குருவம்மா பதில் சொல்வதற்குள் உப்பளத் தொழிலாளி முத்துக்கிளி வந்துவிட்டாள். அவள் இடுப்பில், இப்போதுதான் நடக்கப் பழகிய மகள் கனி. மாமியாருக்குக் காய்ச்சலாம். சாயங்காலம் வரை பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம்.

குருவம்மா ஒரு துக்க வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"பிள்ளைக்கு நிழலா இருங்க" என்று அரியநாதனிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அரியநாதன் பூரித்துப்போனார். கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டதே! நிழல் கூடவே போகும், எதையும் பிடிக்காது, தடுக்காது.

அம்மாவைத் தேடி முற்றத்துக்கும் வேலிக்குமாக நடந்தது குழந்தை. சுட்டெரிக்கும் வெயில். அவர் கை நீட்டாமல் பின்னாலேயே நடந்தார். அழுதபோதும் தூக்கவில்லை.

சாயங்காலம் கனியின் முகமும் கழுத்தும் கன்றிச் சிவந்திருந்தன. தொட்டாலே வீறிட்டது.

"தலையில ஒரு துண்டப் போட்டிருக்கக் கூடாதா சாமி?" முத்துக்கிளி அழுதாள். "நாளைக்கும் வேலைக்குப் போவணுமே. இனி யார நம்பி விடுவேன்?"

அப்போதுதான் திரும்பிய குருவம்மா பிள்ளையை நிழலில் கிடத்தி, ஈரத்துணியால் மெல்ல ஒற்றியெடுத்தார். முத்துக்கிளியைப் பால் கொடுக்கச் சொன்னார். அழுகை அடங்க நெடுநேரம் ஆனது.

அரியநாதனுக்கு எங்கே தவறினோம் என்றே புரியவில்லை. பாவமாகவும் இருந்தது, கோபமும் வந்தது.

"நீங்கள் சொன்னபடி நிழலாகத்தானே இருந்தேன்? ஓர் அடிகூடப் பிரியவில்லையே."

"பிள்ளை என்ன செஞ்சது?"

"நடந்தது. நடுநடுவே திரும்பி வந்து, என் நிழல் விழுந்த இடத்தில் ஒண்டி நின்றது."

"நீங்க?"

"பற்று வந்துவிடக் கூடாதென்று விலகிக்கொண்டேன்."

குருவம்மா துணியை மறுபடி நனைத்துப் பிழிந்தார்.

"நான் சொன்னது பிள்ளைக்குப் புரிஞ்சிருக்கு" என்றார்.