நண்டு முத்திரை மண்காசு

ஆலந்துறை நாட்டை அந்தக் காலத்தில் வீரகேது என்றொரு ராஜா ஆண்டுவந்தார். மனுஷர் நல்லவர்தான், கையில்தான் காசு தங்காது. ஒரு வருடம் கடல்கடந்து வந்த வியாபாரி ஒருவன், ராஜாவின் பட்டப்பெயர்களையெல்லாம் பாடும் கிளிகள் என்று சொல்லி நாற்பது கூண்டுகளைக் காட்டினான். ராஜா கஜானாவையே துடைத்துக் கொடுத்துவிட்டார். கப்பல் போன பிறகு ஒரு கிளிகூட வாய் திறக்கவில்லை. கூண்டுகளைப் பொக்கிஷசாலை வாசலில் தொங்கவிட்டுவிட்டார்கள்.

அந்த வருடம் பார்த்துப் பெரிய ஏரியின் கரை உடைந்து கிடந்தது. மழைக்கு முன்னால் கட்டாவிட்டால் ஏரியில் தண்ணீர் நிற்காது, ஊருக்குச் சோறும் இருக்காது. ஊரில் ஆள் இருந்தது, எண்ணெய்க்காரரிடம் எண்ணெய் இருந்தது, குயவரிடம் பானை இருந்தது. வாங்கத்தான் எவர் கையிலும் காசில்லை. அவரவர் சரக்கை அவரவரே பார்த்துக்கொண்டு பசியோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"காசில்லை, நாளைக்கு வா" என்று வந்தவர்களையெல்லாம் விரட்டுவதே பொக்கிஷதார் தனபூதிக்கு வேலையாகிவிட்டது. மந்திரி செங்கோடரைக் கண்டால் அவருக்கு வயிறு எரியும். ஒருநாள் சபையில் கொளுத்திப் போட்டார்.

"பிரபு, கஜானாவில் செல்லாக்காசுகூட இல்லை. ஆனால் நம் மந்திரியார் மூளை இருக்கிறதே. காசில்லாமலே கரையைக் கட்டிவிடுவார்."

ராஜாவுக்கு இந்த வேடிக்கை பிடித்துப்போயிற்று. "கட்டும், மந்திரியாரே. ஐப்பசி பிறப்பதற்குள் கரை எழும்பாவிட்டால் நீர் நாட்டைவிட்டே போய்விட வேண்டும்."

"ஆகட்டும், அரசே. ஏரி மண்ணில் நான் செய்யும் காசு ஒன்றை, ஒரு மரக்கால் நெல் தண்ணீர்வரிக்கு ஈடாக அரண்மனை ஏற்றுக்கொண்டால் போதும்."

"எனக்கு வரி குறையுமே?"

"கரை இல்லாவிட்டால் வரியே இல்லை, அரசே."

ராஜா சிரித்துச் சம்மதித்தார்.

செங்கோடர் ஏரி மண்ணை வில்லைகளாகத் தட்டி, நண்டு முத்திரை குத்தி, வெயிலில் காயவைத்தார். ஒரு நாள் மண் சுமந்தால் ஒரு காசு. ஆப்பக்கடை வெள்ளையம்மா அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.

"எனக்கு வயலும் இல்ல வரியும் இல்ல. இத வச்சு நான் என்ன செய்ய, சாமி?"

"எண்ணெய்க்காரரிடம் கொடு, தாயி. அவர் எள் விற்கும் வயல்காரரிடம் கொடுப்பார். வயல்காரர் வரி கட்டுவார்."

அப்படியே நடந்தது. அடுப்புகள் புகைந்தன, செக்கு சுற்றியது, கரையும் எழும்பியது. தனபூதி வந்து ஒரு காசை நகத்தால் சுரண்டினார்.

"சூளையில் சுடவில்லையே? ஈரம் பட்டால் கரைந்துபோகுமே?"

"சுட்டால் பெட்டியில் போய்ப் படுத்துக்கொள்ளும். கரையும் என்று பயம் இருந்தால்தான் கைமாறிக்கொண்டே இருக்கும்."

பெட்டி என்ற சொல் மட்டும்தான் தனபூதியின் காதில் ஏறியது. எல்லாவற்றையும் வாங்கிப் பூட்டிவிட்டால் வேலை நின்றுவிடும், மந்திரி ஒழிந்தார் என்று கணக்குப் போட்டார்.

இரண்டு நாளில் வெள்ளையம்மா ஓடிவந்தாள். "சாமி, யாரோ ஆளுக ஒரு மண்காசுக்கு ஒரு வெள்ளிக்காசு குடுத்து வாங்குறாக. எனக்குப் பயமா இருக்கு."

"கேட்டால் கொடு, தாயி. அந்த வெள்ளி எந்த இருட்டில் கிடந்ததோ, கொஞ்சம் வெளிச்சம் பார்க்கட்டும்."

வெள்ளியும் கடைத்தெருவுக்கு வந்தது. மந்திரி தினமும் புது மண்காசு தட்டிக்கொண்டே இருந்தார். இரண்டும் சேர்ந்து ஓட, வேலை முன்னைவிட வேகமாக நடந்தது. மழை வருமுன் வயல்காரர்கள் தங்கள் மண்காசை வரியாகக் கட்டி முடித்தார்கள்.

புரட்டாசிக் கடைசி நாள் விடியும்போதே மழை பிடித்துக்கொண்டது. கரை அசையாமல் நின்றது. தனபூதி மூட்டை மூட்டையாகச் சபைக்குள் இறக்கினார்.

"பிரபு, இவ்வளவும் என் வயல்களுக்கு வரி. இனிப் பத்து வருடத்துக்கு நான் ஒரு நெல்மணி கட்ட வேண்டியதில்லை. மந்திரியார் உங்களை ஆண்டியாக்கிவிட்டார்."

"அவிழுங்கள், எண்ணிக்கொள்வோம்," என்றார் செங்கோடர்.

அவிழ்த்தால் உள்ளே சேறு. தனபூதி வீட்டு நிலவறையில் மழைத்தண்ணீர் ஊறியிருந்தது. நண்டும் இல்லை, காசும் இல்லை.

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்ததும் முகம் மாறியது.

"எதைக் கொடுத்து இதை வாங்கினீர்?"

"வெள்ளி... என் சொந்த வெள்ளி, பிரபு."

"கரைக்குப் பணம் கேட்டபோது என்ன சொன்னீர்?"

பொக்கிஷசாலை வாசலிலிருந்து ஒரு கிளி முதல்முறையாக வாய் திறந்தது. "காசில்லை, நாளைக்கு வா" என்றது. நாற்பது கிளிகளும் அதையே சொல்ல ஆரம்பித்தன.

ராஜா பொக்கிஷச் சாவியை வாங்கிச் செங்கோடரிடம் கொடுத்தார். "தனபூதி, ஏரி மண்ணை ஏரிக்கே சேர்த்துவிடும். உம் தலையால் சுமந்து," என்றார். கிளி வாங்கியது தன் தப்பு என்பதையும் அன்றைக்கு அவர் வாய்விட்டு ஒப்புக்கொண்டார்.

மத்தியானம் மழை விட்டது. சாயங்காலம்வரை சுமந்த தனபூதிக்குச் செங்கோடர் ஒரு மண்காசைக் கூலியாகக் கொடுத்தார். பசி காதை அடைத்தது. அவர் அதைப் பெட்டிக்குக் கொண்டுபோகவில்லை, நேரே வெள்ளையம்மா கடைக்குப் போனார்.

"இதுக்கு ரெண்டு ஆப்பம் வருமா?"

"வரும், சாமி. மானம் மழைக்குத் திரும்பக் கருக்குது, காசச் சீக்கிரம் குடுங்க."