குடம் நிறைய வெற்றோலை

முன்னொரு காலத்தில் ஒரு நாடு இருந்தது. எந்த நாடு என்று கேட்காதீர்கள். பெயரைச் சொன்னால் வம்பு. அதை ஆண்ட மகுடராயருக்கு ஆண்டு ஆண்டு அலுத்துப்போயிற்று. அங்கவஸ்திரம் மாற்றுவதுபோல ஆட்சியை மாற்றிப் பார்த்தார். ஒரு மாதம் ஏழு வியாபாரிகளை ஆளச் சொன்னார். சந்தையில் உப்பு காணாமல் போயிற்று. அடுத்துப் பதினைந்து நாள் சேனாபதியை ஆளச் சொன்னார். சந்தையே காணாமல் போயிற்று.

ஒருநாள் சபையில் புது ஆசை பிறந்தது.

“கூத்தபிரானே, ஆற்றுக்கு அக்கரையில் ஆள்பவரைக் குடிகளே தேர்ந்தெடுக்கிறார்களாம். ஆளுக்கோர் ஓலையைக் குடத்தில் போடுகிறார்களாம். இங்கும் அது நடக்க வேண்டும். அசலாக நடக்க வேண்டும். ஆனால் எனக்கு எதிராக ஓர் ஓலையும் விழக்கூடாது. விழுந்தால் உம்முடைய தலையும் விழும்.”

கூத்தபிரான் அந்த அரண்மனையின் விகடகவி. இந்த யோசனையை ராஜாவின் காதில் ஓதியவர் யார் என்று அவனுக்குத் தெரியும். பக்கத்து ஆசனத்தில் மந்திரி அறம்வளர்த்தார் மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். அறத்துக்கும் அவருக்கும் பெயரோடு சரி.

“உத்தரவு மகாராஜா. அசலாக நடக்க வேண்டுமென்றால் எதிர்த்து நிற்க ஒருவர் வேண்டுமே? தங்களுக்கு அடுத்த தகுதி மந்திரியாருக்குத்தான். அவரே நிற்கட்டும்.”

மந்திரியின் கை மீசையிலேயே நின்றுவிட்டது. “ஐயோ, நானா? மகாராஜாவுக்கு எதிராகவா?” என்று குழறினார். ராஜாவுக்கு அந்த நடுக்கம் பிடித்துப்போயிற்று. “நில்லும்” என்றார்.

ராஜா சிரிக்கும்போதே கேட்டுவிட வேண்டும் என்று கூத்தபிரான் துணிந்தான். “இன்னொன்று, மகாராஜா. குடிகள் வேண்டுவதைக் கேட்கவும் அந்த ஓலையில் இடம் வேண்டும். கிணறு வெட்டும் மாசாத்தனை விடுவிக்கச் சொல்லி ஒருவராவது கேட்டால்?”

மாசாத்தன் செய்த குற்றம் ஒன்றுதான். ஊர்ச்சபையில் எழுந்து, “ஏரி மதகு ஒடைஞ்சு மூணு மழ போயிருச்சு, எப்ப சாமி அடைப்பீங்க?” என்று கேட்டுவிட்டான். வெள்ளிக்கிழமை அவனை யானைக்காலில் இடச் சொல்லித் தீர்ப்பு. ஊரில் பாதிக் கிணறு அவன் வெட்டியது. கூத்தபிரானின் மகள் கிணற்றில் விழுந்தபோது கயிறுகூட இல்லாமல் இறங்கித் தூக்கி வந்தவனும் அவன்தான்.

“ஒரே ஒருவர் கேட்டாலும் விடுகிறேன்” என்றார் ராஜா.

“நல்லது. கேட்டவர் யாரென்று தெரிந்தால் அவரையும் கவனித்துக்கொள்ளலாம்” என்றார் மந்திரி.

வியாழக்கிழமை சந்தைத் திடலில் குடம் வைத்தார்கள். குடத்தைச் சுற்றித் திரை. ராஜாவுக்குக் கிரீடம், மந்திரிக்கு மோதிரம், மாசாத்தனை விடுவிக்க மண்வெட்டி. எழுதத் தெரியாதவர்களும் எழுத்தாணியால் இதில் ஒன்றைக் கீறினால் போதும். யார் எதைக் கீறினார் என்று யாருக்கும் தெரியாது. கூத்தபிரான் தமுக்கடித்து இதைச் சொல்லியிருந்தான். அவன் மனம் நிறைந்திருந்தது. ஆயிரம் பேரில் ஒரு மண்வெட்டி விழாதா?

காலையில் மந்திரி நான்கு காவலரைத் திரைக்கு வெளியே நிறுத்தினார். “பாதுகாப்புக்கு” என்றார். அவர்கள் யாரையும் தடுக்கவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. திரையோடு காதை ஒட்டி நின்றார்கள், அவ்வளவுதான்.

பனையோலையில் எழுத்தாணி கீறினால் சத்தம் வருமல்லவா? கூத்தபிரான் இதை மறந்துவிட்டான். ஊர் மறக்கவில்லை. உள்ளே சத்தம் கேட்டால், கீறியது கிரீடம்தான் என்று யார் சாட்சி சொல்வது? முதலில் போன தட்டார் சத்தமில்லாமல் வெளியே வந்தார். பின்னால் போன நெசவாளியும் அப்படியே. மாசாத்தன் வெட்டிய கிணற்றில் தினமும் நீர் இறைக்கும் வடிவாம்பாள் கொஞ்ச நேரம் உள்ளே நின்றாள். அவளும் சத்தமில்லாமல்தான் வந்தாள்.

பொழுது சாயும்போது கடைசி ஓலை கூத்தபிரானுடையது. எழுத்தாணியை எடுத்து மண்வெட்டியின் காம்பைக் கீறினான். கிர்ரென்றது. வெளியே ஒரு காவலன் செருமினான். கூத்தபிரான் எழுத்தாணியை நிறுத்தினான். மகளுக்கு எட்டு வயதுதான் ஆகிறது என்று நினைத்தான். காம்பின் நுனியில் தகடு போட இரண்டு கீறல் போதும். அந்த இரண்டை அவன் போடவில்லை.

சபையில் குடத்தைக் கவிழ்த்தார்கள். ஆயிரம் ஓலை, பார்த்த அளவில் அத்தனையும் வெறுமை.

மந்திரி துள்ளி எழுந்தார். “மகாராஜா, ஒருவர்கூடத் தங்களுக்குக் கிரீடம் கீறவில்லை. இது ராஜ நிந்தனை. இந்த விகடகவியின் தலையை வாங்க வேண்டும்.”

கூத்தபிரானுக்கு நாக்கு மட்டும் எப்போதும்போல வேலை செய்தது. “எதிராக ஓர் ஓலை விழக்கூடாது என்பது உத்தரவு. விழவில்லை. மோதிரமும் இல்லை, பாருங்கள். குடிகள் ஆயிரம் வெற்றோலையைத் தங்கள் கையில் கொடுத்திருக்கிறார்கள். இனி அதில் எதை வேண்டுமானாலும் தாங்களே எழுதிக்கொள்ளலாம். இப்படிப்பட்ட குடிகள் அக்கரை ராஜாவுக்குக் கிடைப்பார்களா?”

மகுடராயர் ஒரு கணம் யோசித்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி விகடகவிக்குப் போட்டார். “மாசாத்தனுக்காக ஒன்றுமே இல்லையா?” என்று போகிறபோக்கில் கேட்டார்.

மந்திரி ஓர் ஓலையைத் தூக்கிப் பிடித்தார். “இதில் ஒரு கோடு தெரிகிறதே. என்ன கூத்தபிரானே?”

கூத்தபிரான் அந்தக் கோட்டைப் பார்த்தான். அவன் கை கீறிய கோடு. சொல்லிவிடலாம் என்று வாய்வரைக்கும் வந்தது.

“பூச்சி அரித்தது, மகாராஜா.”

ராஜா மறுபடியும் சிரித்தார். சபையும் சிரித்தது. கூத்தபிரானும் சிரித்தான், அதற்குத்தானே அவனுக்குச் சோறு.

வெள்ளிக்கிழமை யானைத் திடலில் ஊரே நின்றது. “நீ கீறுவன்னுதானே நான் சும்மா வந்தேன்” என்று ஒருவர் காதில் ஒருவர் சொல்லிக்கொண்டார்கள். விகடகவி முத்துமாலையோடு முன்வரிசையில் நின்றான். கட்டிக் கொண்டுவரப்பட்ட மாசாத்தன் அவனைப் பார்த்து, “பாப்பா நல்லா இருக்காளா சாமி?” என்று கேட்டான்.